கோட்டைத் தாண்டியது யார்?

வழக்கமா இங்கே கல்வெட்டு, கோயில், ஏரின்னு எழுதிட்டு இருக்கிறவன் திடீர்னு கிரிக்கெட் பத்தி எழுதுறானேன்னு சிலருக்குத் தோணலாம். இதுவும் பனமலையில் ஆரம்பித்த கதைதான்.

போன கோடையில் தாளகிரீஸ்வரர் கோயில் ஓவியத்தை மறுபடி பார்க்கப் போயிருந்தேன். ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோயில். சுவரில் சாய்ந்து, ஒரு காலை மடித்து, குடை நிழலில் நின்றபடி சிவனின் ஆட்டத்தைப் பார்க்கும் பார்வதி. நிறம் போனது போக மீதி இருப்பதே ஆளை நிறுத்தி வைக்கும். படம் எடுத்துவிட்டு மலையை விட்டு இறங்கும்போது மணி நாலரை இருக்கும். கீழே ஏரி வற்றிக் கிடந்தது. காய்ந்த பகுதியில் பசங்க டென்னிஸ் பந்தில் மேட்ச் ஆடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தேன்.

கடைசி ஓவர். நாலு பந்தில் ஆறு ரன்னோ ஏழு ரன்னோ வேண்டும். பந்து போட்டவனுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று வயசு இருக்கும். ஓடி வந்தவன் கையைத் தூக்காமல் நின்று, தன் பக்கத்து ஸ்டம்ப்பைத் தட்டிவிட்டான். ரன்னர் பக்கத்துப் பையன் அப்போது கோட்டை விட்டு இரண்டு எட்டு வெளியே. "அவுட்!" என்று இவன் கத்தினான். அவ்வளவுதான், ஏரியே கிளம்பிவிட்டது.

"டேய், வார்னிங் குடுக்காம எடுத்தா போங்குடா!"

"அவன்தானே வெளிய போனான்?"

"ஒரு தடவ சொல்லிட்டுத்தான்டா எடுக்கணும். டிவியில பாத்ததில்ல?"

ரெண்டு பக்கமும் கத்தி ஓய்ந்த பிறகு, கேமராவும் பையுமாக உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பினார்கள். "சார், நீங்க சொல்லுங்க சார்." நாற்பது வயசைத் தாண்டிவிட்டால் எந்த ஊரிலும் நம்மை நடுவராக்கி விடுவார்கள். நானும் பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன்: "தம்பி, நீ முதல்ல ஒரு தடவ எச்சரிச்சிருக்கணும்ப்பா. அதுதான் முறை."

அந்தப் பையன் என்னோடு வாதாடவில்லை. "அவன்தானே சார் வெளிய போனான்?" என்று மட்டும் இன்னொரு தடவை கேட்டான். அப்புறம் ஸ்டம்ப்பை நட்டுவிட்டுத் தன் இடத்துக்கு நடந்தான். நாட் அவுட். மூன்று பந்தில் அவன் அணி தோற்றது.

விழுப்புரம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு உறுத்த ஆரம்பித்தது. "அதுதான் முறை" என்றேனே, எந்த முறை? எங்கே எழுதியிருக்கிறது? ஒரு கல்வெட்டில் வரும் ஊர்ப்பெயரை உறுதி செய்ய நாலு புத்தகம் புரட்டுகிறவன், ஒரு பையனின் மேட்ச்சை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடலின் குறிப்புகள்தான் இவை.

முதலில் அளவு

கிரிக்கெட் அதிகம் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பிட்ச்சின் ஒரு முனையில் மட்டையடிப்பவர். பந்து வீசப்படும் முனையில் அவருடைய கூட்டாளி. நம்மூர் பாஷையில் ரன்னர். பந்துவீச்சாளர் ஓடி வரும்போதே இந்த ரன்னர் மெதுவாக முன்னே நகர ஆரம்பிப்பார், ரன் ஓட வசதியாக. அவர் கோட்டுக்கு வெளியே இருக்கும்போது, பந்தை வீசாமலே பந்துவீச்சாளர் தன் பக்கத்து ஸ்டம்ப்பைக் கலைத்தால் ரன்னர் ரன் அவுட்.

இந்த முன்நகர்வால் எவ்வளவு லாபம்? ஸ்டம்ப்புக்கும் ஸ்டம்ப்புக்கும் 66 அடி. இரண்டு பக்கமும் கோடு ஸ்டம்ப்பிலிருந்து 4 அடி முன்னால். ஆக கோட்டிலிருந்து கோட்டுக்கு 58 அடி, அதாவது 17.68 மீட்டர். மூன்று அடி முன்னால் போய் நிற்பவர் ஓடவேண்டிய தூரத்தில் 5 சதவீதத்தை ஓடாமலே சேமித்து விடுகிறார். நேரமாகப் பார்த்தால் ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கு, ஏழில் ஒரு பங்கு வரும். பார்க்க அற்பம். ஆனால் ரன் அவுட்டுகளைத் திரையில் ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்க்கிற இந்தக் காலத்தில், மட்டை கோட்டைத் தொட்டதா இல்லையா என்பது இதைவிடச் சின்ன இடைவெளியில்தான் முடிவாகிறது.

அதே கோட்டுக்குப் பந்துவீச்சாளரும் கட்டுப்பட்டவர். அவருடைய முன்கால் பாதத்தில் கொஞ்சமாவது கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் முழுதாகத் தாண்டினாலும் நோ-பால். எதிரணிக்கு ஒரு ரன், ஒருநாள் ஆட்டத்திலும் டி20-யிலும் கூடவே ஃப்ரீ ஹிட். "தம்பி, இந்தத் தடவை விடறேன், அடுத்த தடவை பார்த்துக்கோ" என்று எந்த அம்பயரும் சொல்வதில்லை. மறுமுனையில் மட்டையடிப்பவர் கோட்டை விட்டு இறங்கினால் கீப்பர் ஸ்டம்ப்பிங் செய்கிறார், அதற்கும் முன்னறிவிப்பு கிடையாது. ஒரே பிட்ச்சில் எச்சரிக்கை கேட்கும் உரிமை ரன்னருக்கு மட்டும் எப்படி வந்தது?

சிட்னி, 1947

இந்த ரன் அவுட்டுக்கு உலகம் வைத்த பெயர் 'மேன்கட்'. இந்தியாவின் வினூ மன்கட்டின் பெயர். சுதந்திரம் கிடைத்த சில மாதங்களில் லாலா அமர்நாத் தலைமையில் இந்திய அணி ஆஸ்திரேலியா போனது. நவம்பர் 1947-ல் சிட்னியில், ஆஸ்திரேலிய லெவன் அணிக்கு எதிரான பயிற்சி ஆட்டம். டான் பிராட்மன் தன் நூறாவது முதல்தரச் சதத்தை அடித்தது அந்த ஆட்டத்தில்தான். அதில் பில் பிரவுன் பந்து வீசும் முன்பே கோட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தார். மன்கட் முதலில் எச்சரித்தார். பிரவுன் மறுபடியும் போனார். மன்கட் ஸ்டம்ப்பைக் கலைத்தார்.

ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 13, அதே சிட்னி மைதானம், இரண்டாவது டெஸ்ட். பிரவுன் 18 ரன்னில் இருந்தார். மறுபடியும் முன்கூட்டியே கிளம்பினார். இந்தத் தடவை மன்கட் எச்சரிக்கவில்லை, நேராக ரன் அவுட். ஆஸ்திரேலியா அந்த இன்னிங்ஸில் 107-க்குச் சுருண்டது. மழையால் ஆட்டம் டிரா.

ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் சிலர் மன்கட்டின் நேர்மையைக் கேள்வி கேட்டார்கள். பெயரும் அப்போதுதான் ஒட்டிக்கொண்டது. ஆனால் எதிரணித் தலைவர் பிராட்மன் மன்கட் பக்கம் நின்றார். 1950-ல் வந்த தன் நூலில், மன்கட்டைக் குறை சொன்னவர்களின் நியாயம் தனக்குப் புரியவே இல்லை என்று எழுதினார். ரன்னரை உள்ளே நிறுத்தி வைக்கத்தானே விதியில் அது இருக்கிறது என்பது அவர் வாதம். சம்பந்தப்பட்ட அணியின் தலைவரே தப்பில்லை என்று சொல்லியும் பெயர் போகவில்லை.

இதில் நம்மூருக்கும் ஒரு பங்கு உண்டு. இந்தியா 1932 முதல் டெஸ்ட் ஆடியது. இருபது வருடம் ஒரு வெற்றிகூட இல்லை. முதல் வெற்றி பிப்ரவரி 1952-ல் சேப்பாக்கத்தில், இங்கிலாந்துக்கு எதிராக வந்தது. இன்னிங்ஸும் 8 ரன்னும் வித்தியாசம். அதில் வினூ மன்கட் முதல் இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 53-க்கு 4. மொத்தம் 12 விக்கெட். நாலு வருஷம் கழித்து, ஜனவரி 1956, அதே சென்னையில் கார்ப்பரேஷன் ஸ்டேடியம். நியூசிலாந்துக்கு எதிராகப் பங்கஜ் ராயும் அவரும் தொடக்க விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். அந்த உலக சாதனை 52 வருஷம் நின்றது. அதில் மன்கட் அடித்த 231-ஐ, எந்த இந்தியரும் 1983 வரை தாண்டவில்லை. கடைசியில் தாண்டியவர் சுனில் கவாஸ்கர், ஆட்டமிழக்காமல் 236. அதுவும் சேப்பாக்கத்தில்.

44 டெஸ்ட், 162 விக்கெட், 2109 ரன். இப்படிப்பட்டவரின் பெயர் மெட்ராஸ் வெற்றிக்கோ அந்த 413-க்கோ அடையாளமாகவில்லை. ஏரியில் ஆடும் பசங்களுக்குக்கூட அவர் பெயர் போங்கு ஆட்டத்தின் பெயராகத்தான் தெரிகிறது. இந்தச் சொல்லை விட்டுவிடுங்கள் என்று கவாஸ்கர் பல வருடமாகச் சொல்லி வருகிறார். அவர் கேட்பதில் இருக்கும் வருத்தம் எனக்கு இந்தத் தேடலில்தான் புரிந்தது.

மன்கட் முதல் ஆள் இல்லை

பெயரைப் பார்த்தால் அவர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று தோன்றும். பதிவில் இருக்கும் முதல் சம்பவம் 1835. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் அணியின் தாமஸ் பார்க்கர், சசெக்ஸ் வீரர் ஜார்ஜ் பெய்ஜென்ட்டை இப்படி ஆட்டமிழக்கச் செய்தார். மன்கட்டுக்கு 112 வருஷம் முன்னால். ஆனால் 'பார்க்கர்' என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

மன்கட்டுக்குப் பிறகும் நடந்துகொண்டேதான் இருந்தது. 1969 ஜனவரியில் அடிலெய்டில் மேற்கிந்தியத் தீவுகளின் சார்லி கிரிஃபித், ஆஸ்திரேலியாவின் இயன் ரெட்பாத்தை எடுத்தார். 1978-ல் கிறைஸ்ட்சர்ச்சில் நியூசிலாந்தின் யூவன் சாட்ஃபீல்ட், இங்கிலாந்தின் டெரிக் ரேண்டலை எடுத்தார். 1979-ல் பெர்த்தில் ஆஸ்திரேலியாவின் ஆலன் ஹர்ஸ்ட், பாகிஸ்தானின் சிக்கந்தர் பக்தை. 1947-ல் புகார் சொன்ன நாட்டின் வீரரே 1979-ல் அதைச் செய்கிறார். 1992 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்தில் கபில் தேவ், எச்சரித்த பிறகும் கேட்காத பீட்டர் கிர்ஸ்டனை எடுத்தார். 2014 ஜூனில் பர்மிங்ஹாமில் இலங்கையின் சசித்ர சேனநாயக்க, எச்சரித்துவிட்டு ஜோஸ் பட்லரை எடுத்தார். எச்சரித்தும் திட்டு விழுந்தது.

கடைசி வரியைக் கவனியுங்கள். மன்கட் முதல் தடவை எச்சரித்தார். கபில் எச்சரித்தார். சேனநாயக்க எச்சரித்தார். சர்ச்சை மட்டும் குறையவில்லை. அப்படியென்றால் பிரச்சனை எச்சரிக்கையில் இல்லை, வேறு எங்கோ இருக்கிறது.

விதிப்புத்தகத்தில் எழுவாய்

அந்த 'வேறு எங்கோ' எனக்குக் கிடைத்தது விதிப்புத்தகத்தின் தலைப்பில். கிரிக்கெட் விதிகளை எழுதும் பொறுப்பு எம்.சி.சி.யுடையது. நம்ம மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் இல்லை, லண்டன் மெரில்போன் கிரிக்கெட் கிளப். அவர்களுடைய 2000-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இது விதி 42.15. தலைப்பின் பொருள் இப்படி வரும்: 'பந்து வீசும் முன் ரன்னரை ரன் அவுட் செய்யப் பந்துவீச்சாளர் முயல்வது'. இந்த விதி இருந்தது 'நியாயமான, நியாயமற்ற ஆட்டம்' என்ற அத்தியாயத்தில்.

பள்ளியில் படித்த எழுவாய், பயனிலையை ஞாபகப்படுத்திப் பாருங்கள். அத்தியாயத்தின் பெயரிலேயே நியாயமற்ற ஆட்டம் என்று வருகிறது. அதற்குள் ஒரு வாக்கியம். அதன் எழுவாய் பந்துவீச்சாளர். படிக்கிறவர் என்ன நினைப்பார்? தப்பு செய்கிறவர் பந்துவீச்சாளர் என்றுதானே. உள்ளே இருக்கும் விதியோ அவருக்கு அனுமதி தருகிறது. பக்கத்திலேயே 42.16, பந்துவீச்சாளர் ஓடி வரும்போது ரன் திருடப் பார்க்கும் மட்டையாளர்களைப் பற்றியது. அதாவது அந்த இடத்தில் நியாயமற்றது என்று சொல்லப்படுவது மட்டையாளர் செய்வது. தலைப்பு மட்டும் வேறு ஆளைக் காட்டுகிறது.

2017 அக்டோபரில் புதிய தொகுப்பு வந்தது. எண் 41.16 ஆனது. தலைப்பும் மாறியது: 'ரன்னர் தன் இடத்தை முன்கூட்டியே விட்டுப் போவது'. எழுவாய் மாறிவிட்டது. காலவரையறையும் மாறியது. 2000 தொகுப்பில், கடைசி எட்டு வைக்கும் முன்பே ஸ்டம்ப்பைக் கலைத்தாக வேண்டும். 2017 தொகுப்பில், பந்து கையை விட்டுப் போகும் என்று சாதாரணமாக எதிர்பார்க்கப்படும் கணம் வரை ரன்னர் உள்ளே இருக்க வேண்டும். 2022 அக்டோபர் 1-ல் மூன்றாவது மாற்றம். நியாயமற்ற ஆட்டம் என்ற அத்தியாயத்திலிருந்தே இதை எடுத்து, விதி 38-க்கு, சாதாரண ரன் அவுட் அத்தியாயத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். இன்று அது 38.3. மற்ற ரன் அவுட் போல இதுவும் ஒன்று.

நான் மென்பொருள் எழுதுகிறவன். ஒரு ஃபங்ஷனுக்குத் தப்பான பெயர் வைத்தால், உள்ளே இருக்கும் கோடு எவ்வளவு சரியாக இருந்தாலும் அதைப் பயன்படுத்துகிற எல்லோரும் தப்பாகவே பயன்படுத்துவார்கள். இங்கேயும் அதுதான் நடந்திருக்கிறது. விதி அனுமதித்தது, பெயர் குற்றம் சாட்டியது. புத்தகத்தில் தலைப்பு பந்துவீச்சாளர் மேல், தெருவில் பெயர் மன்கட் மேல். கோட்டைத் தாண்டியவர் பெயர் இரண்டிலும் இல்லை. 'பிரவுன் ஆகிவிட்டார்' என்ற பேச்சு பரவலாகப் புழங்கவில்லை.

எச்சரிக்கை? எந்தத் தொகுப்பிலும் கட்டாயம் இல்லை. 'ஆட்ட உணர்வு' பற்றிய முன்னுரை விதிப்புத்தகத்தில் சேர்ந்ததே 2000-ல்தான். அன்று அதில் உணர்வுக்கு எதிரானவை என்று ஒரு பட்டியல் இருந்தது: அம்பயர் முடிவை எதிர்ப்பது, அவுட் இல்லை என்று தெரிந்தே அப்பீல் செய்வது என்று. ரன்னரை ரன் அவுட் செய்வது அந்தப் பட்டியலில் இல்லை. ஏரிக்கரையில் நான் "அதுதான் முறை" என்று சொன்னது எங்கேயும் எழுதப்படாத ஒன்று.

நம்மூர்க்காரர்கள்

இந்த விவாதத்தில் தமிழ்நாட்டுப் பெயர்கள் அடிக்கடி வருவது தற்செயலா தெரியவில்லை. சென்னையில் பிறந்து ரயில்வேஸுக்கு ஆடிய முரளி கார்த்திக், 2012-ல் இங்கிலாந்தின் டான்டனில் சர்ரே அணிக்காக ஆடும்போது சாமர்செட்டின் அலெக்ஸ் பாரோவை எச்சரித்துவிட்டு எடுத்தார். பிறகு சர்ரே தலைவர் கேரத் பேட்டி வருத்தம் தெரிவித்தார். 2013-ல் ரஞ்சிக் கோப்பையில் பெங்காலின் சந்தீபன் தாஸ் அதே கார்த்திக்கிடம் அதே மாதிரி அவுட்.

அப்புறம் அஸ்வின். 2012 பிப்ரவரி, பிரிஸ்பேன், இலங்கையோடு ஒருநாள் ஆட்டம். லஹிரு திரிமன்ன வெளியே இருந்தார், அஸ்வின் ஸ்டம்ப்பைக் கலைத்து அப்பீல் செய்தார். அம்பயர்கள் கூடிப் பேசினார்கள். அன்று தலைமை தாங்கிய சேவாக், டெண்டுல்கரோடு பேசிவிட்டு அப்பீலைத் திரும்பப் பெற்றார். இருபத்தைந்து வயசு இளைஞன் விதிப்படி எடுத்த விக்கெட்டை, பெரியவர்கள் கூடிப் பேசித் திருப்பிக் கொடுத்தார்கள். பனமலையில் நான் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

2019 மார்ச் 25, ஜெய்ப்பூர். இப்போது அஸ்வினே பஞ்சாப் அணித் தலைவர், திரும்பப் பெற மேலே ஆள் இல்லை. ராஜஸ்தானுக்கு இலக்கு 185. ஜோஸ் பட்லர் 43 பந்தில் 69. அஸ்வின் ஓடி வந்து நின்றார், பட்லர் வெளியே போனார், ஸ்டம்ப் கலைந்தது. பஞ்சாப் 14 ரன்னில் வென்றது. அடுத்த சில நாள் நடந்த சண்டை ஞாபகம் இருக்கும். அன்றைக்கு நான், நம்ம ஊர்ப் பையன் என்ற ஒரே காரணத்துக்காக, அஸ்வின் பக்கம் நின்று ஆபீஸ் முழுக்க வாதாடினேன்.

இப்போது ஆற அமரப் பார்த்தால், அந்தச் சம்பவத்தில் ஒரு உண்மையான சிக்கல் இருக்கிறது. எம்.சி.சி. முதலில் விதியில் தப்பில்லை என்றது. மறுபடி காட்சியைப் பார்த்துவிட்டு, அஸ்வின் நின்ற இடைவெளி அதிகம், பந்து போயிருக்க வேண்டிய கணத்தில் பட்லர் உள்ளேதான் இருந்தார், எனவே அது ஆட்ட உணர்வுக்கு ஏற்றதல்ல என்றது. ரன்னர் வெளியே போனதால் பந்துவீச்சாளர் நிற்பது ஒன்று. ரன்னர் வெளியே போகட்டும் என்று பந்துவீச்சாளர் நிற்பது இன்னொன்று. முதலாவது கோட்டைக் காப்பது. இரண்டாவது பொறி வைப்பது. நியாயம் பற்றிய கேள்வி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. எச்சரித்தாரா இல்லையா என்பதில் இல்லை. ஜெய்ப்பூரில் நடந்தது எது என்பதில் இன்றைக்கும் ரெண்டு பேர் ரெண்டு மாதிரி சொல்லலாம்.

2023-ன் தொடக்கத்தில் விதியின் வாசகம் மறுபடி தெளிவாக்கப்பட்டது. மெல்போர்னில் ஆடம் ஸாம்பா, கையை முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு ஸ்டம்ப்பைக் கலைத்தார். நாட் அவுட். அதைப் பார்த்துப் பலர் குழம்பியதால், கை உச்சிக்குப் போய்விட்டால் அதன் பிறகு எடுக்க முடியாது என்பதைச் சந்தேகம் இல்லாமல் எழுதினார்கள். பொறி வைப்பதற்கான கதவை மூட விதியே ஒரு வழி வைத்திருக்கிறது.

அஸ்வினைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020 அக்டோபரில் துபாயில், டெல்லி அணிக்காக ஆடும்போது, ஆரோன் ஃபின்ச் வெளியே போனபோது அவர் எடுக்கவில்லை. நின்று, பார்த்து, திரும்பி நடந்தார். அந்த வருடத்துக்கு இதுவே முதலும் கடைசியுமான எச்சரிக்கை என்று பிறகு பொதுவில் அறிவித்தார். அது அவராகக் கொடுத்தது, யாரும் கேட்டு வாங்கியதில்லை.

2022 ஜூனில் திருநெல்வேலியில் டி.என்.பி.எல். ஆட்டம். நெல்லையின் பாபா அபராஜித், சேப்பாக்கம் அணியின் ஜெகதீசனை இப்படி எடுத்தார். இரண்டு பேரும் தமிழ்நாட்டு அணியில் ஒன்றாக ஆடியவர்கள். கோபத்தில் முறையற்ற சைகை காட்டியபடி வெளியேறிய ஜெகதீசன் பிறகு பொதுவில் மன்னிப்பும் கேட்டார். ஒரே அறையில் உட்கார்ந்தவர்களுக்குள்ளேயே இது இவ்வளவு கோபம் கிளப்புகிறது என்றால், அந்தப் பெயரின் பாரம் எவ்வளவு என்று பாருங்கள்.

பெருந்தன்மை என்றால்

எதிர்வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 1987 உலகக் கோப்பை, லாகூர். கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு இரண்டு ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். கோர்ட்னி வால்ஷ் ஓடி வந்தார். ரன்னர் சலீம் ஜாஃபர் வெளியே. ஸ்டம்ப்பைத் தட்டியிருந்தால் ஆட்டம் முடிந்தது. வால்ஷ் நின்று, அவரை விட்டுவிட்டுத் திரும்பினார். பாகிஸ்தான் வென்றது. மேற்கிந்தியத் தீவுகள் அரையிறுதிக்கே போகவில்லை. அந்தக் காட்சியை யார் பார்த்தாலும் மனசு நெகிழும். எனக்கும்தான்.

ஆனால் அது வால்ஷ் கொடுத்தது. கொடை என்பது கொடுப்பவர் விருப்பம். அதையே எல்லாரும் கொடுக்க வேண்டிய கடனாக மாற்றினால் அது வரி. கொடுக்காதவனைப் போங்கு என்று திட்டினால் வால்ஷ் செய்ததற்கும் மதிப்பு இல்லாமல் போகிறது.

நம்ம ஊர் ஆட்டங்களில் இதை யாரும் குழப்பிக்கொண்டதில்லை. சடுகுடுவில் எல்லைக்கோட்டுக்கு வெளியே கால் வைத்தால் அவுட். பாண்டியில் கோட்டை மிதித்தால் அவுட். "முதல் தடவை மிதிச்சா சொல்லணும்" என்று எந்தத் தெருவிலும் கேட்டதில்லை. நொண்டியில் கால் ஊன்றினால் ஊன்றியதுதான். கோடு என்றால் கோடு என்று ஆறு வயசில் தெரிந்திருந்த எனக்கு, கிரிக்கெட் என்று வந்ததும் அது மரியாதைப் பிரச்சனையாகிவிட்டது. அம்பயரிடம் வாதாடாமல் இருப்பது போன்ற நல்ல பழக்கங்களைக் கிரிக்கெட்டோடு சேர்த்து வாங்கினோம். யார் வெட்கப்பட வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்து வாங்கிவிட்டோம் என்று நினைக்கிறேன்.

2022 செப்டம்பர் 24, லார்ட்ஸ். இந்தியப் பெண்கள் அணி 169. இங்கிலாந்து 118-க்கு 9 விக்கெட். சார்லி டீன் தனியாகப் போராடி 47 வரை கொண்டுவந்தார், இன்னும் 17 ரன் வேண்டும். தீப்தி ஷர்மா ஓடி வந்தவர் திரும்பி ஸ்டம்ப்பைத் தட்டினார். ஆட்டம் முடிந்தது. எச்சரித்தோம் என்றார் தீப்தி, இல்லை என்றார் இங்கிலாந்தின் ஹெதர் நைட். உலகமே அந்த எச்சரிக்கையைத் தேடியது. ஒரு செய்தியாளர் மட்டும் முழு ஆட்டத்தின் காட்சியையும் ஓட்டிப் பார்த்து, டீன் எத்தனை தடவை முன்கூட்டியே கோட்டை விட்டுப் போனார் என்று எண்ணினார். எழுபதுக்கும் மேல். அவர் கேட்ட கேள்வியில்தான் எழுவாய் சரியாக இருந்தது. ஒரு வாரத்தில் அக்டோபர் 1 வந்தது, விதியும் ரன் அவுட் அத்தியாயத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஏரிக்கு இரண்டு வாரம் கழித்துப் போனேன். பசங்க இருந்தார்கள், அவன் இல்லை. பேர்கூட நான் கேட்டு வைக்கவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். அவன் கையைத் தூக்கவில்லை, பொறி வைக்கவில்லை, ஓடி வந்த ஓட்டத்திலேயே நின்று தட்டினான். ரன்னர் இரண்டு எட்டு வெளியே. நான் சொன்ன வாக்கியம் "நீ எச்சரிச்சிருக்கணும்" என்பது. அவன் சொன்னது "அவன்தானே சார் வெளிய போனான்" என்பது. லண்டன்காரர்கள் எழுவாயைச் சரி செய்ய 2017 வரை ஆனது. அவன் ஏரியில் நின்று ஒரே தடவையில் சரியாகச் சொன்னான்.

அன்று அது அவுட். தப்பான தீர்ப்பு என்னுடையது.